முள்ளெலி தும்மிய காலை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. அம்மான் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சுஹைர், ஹாசிமின் அம்மா, படியில் மூச்சு வாங்க நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னது. கேட்ட சூட்டோடு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

அம்மான் குன்றுகளின்மேல் பொன்வெயில் மெல்ல...

வேண்டாம். சுஹைர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2

பதினோரு வருடமாக சுஹைர்தான் புந்துக். தினமும் காலையில் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொலைக்காட்சியில் வரும் துணி முள்ளெலி அது. மேசைக்கடியில் குந்திக் கையை உள்ளே விட்டு ஆட்டுவதும் அவர்தான், குரலும் அவருடையதுதான். புந்துக் யாரையும் அதட்டாது. ஒரு ஷூவுக்கு நாடா கட்டவே முழு நிகழ்ச்சியும் எடுத்துக்கொள்ளும்.

இந்த வருடம் பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள். கடைக்கு வரப்போகும் புந்துக் பொம்மை விற்றால் நிகழ்ச்சி இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்றது சேனல். பொம்மையின் வயிற்றை அமுக்கினால், "எழுந்தாச்சா கண்ணு?" என்று கேட்க வேண்டும். சளி பிடித்திருந்த சுஹைர் வீட்டிலேயே பத்துத் தடவை பேசிப் பதிந்து, செல்போனிலிருந்து ஒன்றை அனுப்பினார்.

[தப்பான ஒன்றை. யாருமே கேட்டுப் பார்க்கவில்லையா? நானும் அதைத்தான் கேட்டேன். "அவசரம்பா," என்றார். கதைக்கு இந்தக் காரணம் போதாது. நடந்தது அதுதான், என்ன செய்ய?]

3

ஒரு மழலையர் பள்ளியில் அறிமுக விழா. முன்வரிசையில் நாலு வயது லுஜைன். அதுவரை யாரிடமும் வாய் திறந்து பேசாத அந்தக் குழந்தை...

அடித்துவிடுகிறேன். பேசாத பிள்ளை பேசினால் உங்கள் கண் கலங்கும், என் வேலையும் சுலபம். ஆனால் லுஜைன் வாயாடி. விழா தொடங்குமுன்பே தயாரிப்பாளன் நிசாரிடம், "மாமா, உன் மீசை ஏன் ஒரு பக்கம் மட்டும் சின்னதா இருக்கு?" என்று கேட்டவள்.

முதல் பொம்மை அவள் கைக்குப் போனது. அமுக்கினாள்.

"ஹா... ஹாச்சூ!"

நிசார் வெளிறிப்போய் மேசைவிரிப்பைத் தூக்கினான். "ஹாசிம் அம்மா! என்னத்த அனுப்பிவெச்சீங்க?"

"ஐயோ தம்பி... அது என் தும்மலு."

"எல்லாப் பொம்மையுமா தும்மும்?"

"எல்லாந்தான்."

பதினோரு வருடமும் ஒரு தும்மலில் போச்சு என்று நினைத்தார் சுஹைர். அதற்குள் லுஜைன் தன் சட்டை நுனியால் பொம்மையின் மூக்கைத் துடைத்து, "யர்ஹமுகல்லாஹ்!" என்று வாழ்த்திவிட்டாள் (நம்மூரில் நூறாயுசு என்பதுபோல). பக்கத்துப் பிள்ளை அமுக்கியது. இந்த முறை நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து வாழ்த்தினார்கள். அப்புறம் கூடம் முழுக்கத் தும்மலும் வாழ்த்தும்தான். ஒருவன் தன் காலுறையைக் கழற்றிப் பொம்மைக்குக் குல்லா போட்டுவிட்டான்.

லுஜைன் மேசையருகே வந்தாள். "புந்துக், உனக்குக் காய்ச்சலா?"

நிசார் வேண்டாமென்று சைகை காட்டினான். சுஹைர் புந்துக்கை மாட்டிய கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சளிடா கண்ணு," என்றது புந்துக். "நீ சொன்னதுல பாதி போயிடுச்சு."

"மீதி?"

"நாளைக்கும் சொல்லுவியா?"

"சொல்றேன். நீ ஒழுங்கா பருப்பு சூப்பு குடிக்கணும்!"

4

ஒரே வாரத்தில் பொம்மைகள் தீர்ந்தன. நிகழ்ச்சி பிழைத்தது. அடுத்த தொகுதிக்கும் தும்மலே வேண்டும், இன்னும் தெளிவாக வேண்டும் என்றது சேனல். இப்போது சுஹைருக்குச் சளி இல்லை. ஒலிப்பதிவு அறையில் விளக்கை உற்றுப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார். வரவில்லை. நிசார் உள்ளங்கையில் மிளகுத்தூள் கொண்டுவந்து ஊதினான்.

"ஹாச்சூ!"

தும்மியது நிசார். அவன் மீசையெல்லாம் மிளகு. அதைப் பார்த்து சுஹைர் சிரித்த சிரிப்பில், அவருக்கும் தும்மல் வந்துவிட்டது. ஒலிவாங்கி இரண்டையும் பிடித்துக்கொண்டது.

எந்தத் தும்மல் பொம்மைக்குள் போயிற்று? மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். சுஹைரிடம் கேட்டால், "எழுதுறவன் நீதானே?" என்று படியேறிப் போய்விட்டார். நான் சொல்வதாக இல்லை. இரண்டாம் தொகுதி கடைக்கு வந்துவிட்டது. நீங்களே ஒன்றை எடுத்து அமுக்கிப் பாருங்கள்.