மகாராணியின் பின்னங்கால்

குதிரையேற்றப் பள்ளியின் மைதானத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகாராணி சட்டென்று திரும்பியபோது மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. மேலே உட்கார்ந்திருந்த ஆசிரியை குதித்து இறங்கினாள். குதிரையின் இடது பின்னங்கால் தரையில் ஊன்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மகாராணி என்பது அவள் கணவன் வைத்த பெயர். சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று குட்டையைச் சுற்றிக்கொண்டு போகும் திமிருக்காக வைத்தது. பிறந்த அன்றிலிருந்து அவன் கையில் வளர்ந்த பெண்குதிரை. அவன் நோயில் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் ஆசிரியையும் அவள் மாமனாரும் மட்டும்தான். அவர் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி.

"குளம்புக்கு மேல இருக்குற இந்தச் சின்ன எலும்பு ஆறு துண்டாப் போயிருக்கு. பழையபடி ஆக்க முடியாது. ஆனா இதுக்கு மேல இருக்குற எலும்போட சேர்த்து, நடுவுல மூட்டே இல்லாம ஒட்ட வெச்சுடலாம்."

"மூட்டு இல்லாம குதிரை எப்படிம்மா நடக்கும்?" என்றார் மாமனார்.

"அந்த மூட்டு அசையறதே கொஞ்சம்தான். அது இல்லாமலும் நடக்கும். ஓடறது, தாண்டறதெல்லாம் சந்தேகம். எனக்கு ஆபரேஷனை விட அதுக்கப்புறம்தான் பயம். மயக்கம் தெளிஞ்சு எழுந்திருக்கும்போது விழுந்து உடைச்சுக்கலாம். தப்பிச்சாலும், மாசக்கணக்குல பாரம் முழுக்க எதிர்க்கால் மேல இறங்கும். சில நேரம் அந்த நல்ல கால்தான் கெட்டுப்போகும்."

வராந்தாவுக்கு வந்ததும் மாமனார் மெல்லச் சொன்னார். "விட்டுடலாம்மா. ஒரு ஊசியில முடிஞ்சுடும். எதுக்கு அதைப் போட்டு வதைக்கணும்?"

"உங்களுக்கு எப்பவும் அவசரம்தான் மாமா. அன்னிக்கு அவரையும்…"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகனுக்கு வைத்திருந்த மூச்சுக் கருவியை எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவள் அன்று எழுந்து நிற்கும் நிலையில்கூட இல்லை.

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். "சரி, ஆபரேஷன் பண்ணட்டும்" என்றார்.

மறுநாள் காலை இருவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். மயங்கிய குதிரையின் கால்களைக் கட்டி, மேலே ஓடும் சங்கிலியில் தூக்கி மேசையில் கிடத்தினார்கள். "எனக்குப் பல்லு புடுங்கினப்ப ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்," என்று மாமனார் முணுமுணுத்தார். உள்ளே எட்டுப் பேர் நின்றார்கள்.

டாக்டரம்மா தோலைக் கீறி மூட்டைத் திறந்தார். எலும்பின் நுனியில் பளிங்கு போல மின்னிய குருத்தெலும்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ரத்தம் கசியும் வரை விடவில்லை.

"அந்த வழவழப்பு கொஞ்சம் இருந்தாலும் ஒட்டாது," என்றார் மாமனார், தன்னை மறந்து. "பலகையும் அப்படித்தான்."

பிறகு துண்டுகளைக் கூட்டிச் சேர்த்து, இரண்டு தகடுகளை வைத்து, ஒவ்வொன்றாகத் திருகாணிகளை முடுக்கினார்கள். குளம்பு முதல் முழங்கால் வரை கட்டுப் போட்டு முடிக்க நான்கு மணி நேரம் ஆனது.

மெத்தைச் சுவர்கள் கொண்ட அறையில் மகாராணி கண் திறந்தது. தலையிலும் வாலிலும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்திருந்தார்கள். முதல் முறை எழ முயன்று சரிந்தது. ஆசிரியை முகத்தைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது முறை, உடம்பெல்லாம் நடுங்க, எழுந்து நின்றது. டாக்டரம்மா அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

அதன்பின் ஏழு வாரம் இருவரும் முறை வைத்து மருத்துவமனை லாயத்துக்குப் போனார்கள். மாமனார் தடிமனான மணல் படுக்கையைத் தன் கையாலேயே நிரவிவிட்டார். எட்டாவது வாரம், வலது பின்னங்குளம்பைத் தொட்டுப் பார்த்தவர் கையை எடுக்கவே இல்லை.

"இங்க கொதிக்குதும்மா."

டாக்டரம்மா பயந்தது நடந்துவிட்டது. பாரம் தாங்கித் தாங்கி, அந்தக் குளம்புக்குள் இருந்த எலும்பு பிடிப்பு விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. பனிக்கட்டி, மருந்து, தடித்த ரப்பர் மெத்தை வைத்த லாடம் என்று எட்டு நாள் போராடினார்கள். ஒன்பதாம் நாள் மகாராணி படுத்தது. தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. அதன் வயிறு மட்டும் வேக வேகமாக ஏறி இறங்கியது.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே," என்றார் மாமனார். "இத்தனை தூரம் வந்துட்டு…"

"வேணாம் மாமா. போதும்."

அவர் மணலில் உட்கார்ந்துகொண்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு நான் கேட்டதே இல்ல," என்றாள்.

"கை நடுங்கிடுச்சு. என் பேரே எழுத வரல. கிறுக்கலா இருக்குன்னு இன்னொரு தாள் குடுத்தாங்க. ரெண்டு தடவை போட்டேன்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போடும்போது குதிரையின் தலை அவள் மடியில் இருந்தது. மாமனார் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்த பிறகும் மாமனாரின் கை நிற்கவில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா வாசல் வரை வந்தார். "போன வாரம் எடுத்த படத்துல அந்த இடது கால் நல்லா சேர ஆரம்பிச்சிருந்துச்சு. இதைச் சொல்லணுமா வேணாமான்னே தெரியல."

"சொன்னது நல்லதுதாம்மா," என்றார் மாமனார்.

ஆசிரியை வண்டியை ஓட்டினாள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கினாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகன் முதல் முறை குதிரையிலிருந்து விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டிராத கதை. டீ ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.