கழுவக் கூடாத கரி

துலுக்கானம் புகைபிடிக்கும் பைப்புக்குள் ஒட்டியிருந்த கரியின் விலை ஐயாயிரம் ரூபாய். பைப்பைச் சேர்க்காமல். நசரத்பேட்டை அடுக்ககத்திலிருந்து பழைய மேசை தேடி வந்த விக்ரம் என்ற ஐ.டி.க்காரர் பைப்பை ஆசையாகக் கேட்டபோது துலுக்கானம் சொன்ன விலை அது. "பைப்பு ரெண்டாயிரம் சார். உள்ள கீற கரி ஐயாயிரம். தனித்தனியா குடுக்கிறதில்ல." சேர்த்தும் கொடுக்கமாட்டார் என்பது விக்ரமுக்குப் பாதி வழி போன பிறகுதான் உறைத்தது.

மண்ணூர்பேட்டையில் துலுக்கானத்துக்குப் பழைய இரும்புக் கடை. மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது ஏதோ மேசை இழுப்பறையில் அந்தப் பைப்பு வந்தது. முதல் மாதம் நாக்கு வெந்துபோனது. பிறகு பிடிபட்டது. புகையிலையை உதிர்த்து ஈரம் அடங்கக் காகிதத்தில் பரப்ப வேண்டும். அடியில் லேசாக, மேலே கொஞ்சம் அழுத்தி நிரப்ப வேண்டும். பீடி மாதிரி இழுத்தால் கெட்டது. கொதிக்கிற டீயை உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உட்சுவரில் கரி படிய விடவேண்டும். வெறும் மரம் கசக்கும். கரி படிந்தால்தான் புகையிலை தன் ருசியைக் காட்டும். ஒரு நாணயத்தின் கனத்துக்கு அது படிய நாலு வருடம் ஆகியிருந்தது.

ஆயுத பூஜை காலையில் கடைக்கு வந்தவர் தராசுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே பைப்பைப் பார்த்தார். சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு பளபளவென்று மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டார். கறுப்பு ஒட்டவில்லை. மோந்து பார்த்தார். புளியும் பாத்திர சோப்பும் அடித்தன.

"யாரு இத்தக் கழுவினது?"

பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்த அவர் மனைவி வேம்புலியம்மாள் தலையைத் தூக்கவில்லை. "நான்தான். பிரஷ் உள்ள போவல. ஸ்பூன் காம்பால சொரண்டினேன்."

அதற்குப் பிறகு துலுக்கானம் பேசியது பட்டறை வரிசை முழுக்கக் கேட்டது. அவளுடைய கையை, மூளையை, அவளைக் கட்டிக்கொடுத்த ஆவடிக்காரர்களை ஒருவர் விடாமல் இழுத்தார். பூஜைத் தட்டை எட்டி உதைக்கப் போன காலைக் கடைசி நேரத்தில் பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாவுக்குத் திருப்பினார்.

"முடிஞ்சுதா? இன்னாத்துக்கு இந்தக் கத்து? கரிதானே, போனா போவுது."

அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போன வருட ஆயுத பூஜைக்கு, அவளுடைய தோசைக்கல்லைக் கேட்காமல் கடைக்கு எடுத்து வந்து, சாணைச் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடியாகத் தேய்த்துப் பொட்டு வைத்தவர் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து எண்ணெய் குடித்துக் கறுத்த கல். அவள் அழுதபோது இவர் சிரித்துக்கொண்டே சொன்னது இதைத்தான்.

"அப்ப வேணும்னே பண்ணியா?"

"ஆமா." கடலையைக் கிளறியபடியே சொன்னாள். "நீ என் பொருளுக்குப் பூஜை போட்ட. நான் உன் பொருளுக்குப் போட்டேன். எங்கல்லுக்கு தெனம் வெங்காயம் தேய்ச்சி எண்ண காட்டி, தோசை பிய்யாம வர ஆறு மாசம் ஆச்சி. ஒரு நாளாவது வந்து பாத்தியா?"

துலுக்கானம் பைப்பைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய், அடியில் பாதி மட்டும் நிரப்பிப் பற்றவைத்தார். புதுக் கரி அடியிலிருந்துதான் ஏறவேண்டும். முதல் இழுப்பில் புளி, இரண்டாவதில் சந்தனம். துப்பினார். அவள் பழி தீர்த்துக்கொண்டது அதிகம் என்று நிரூபிக்கிற கோபத்தோடு மனதுக்குள் கணக்குப் போட்டார். பொருளுக்குப் பொருள் நேர். அவருடைய கரி நாலு வருடம். அவளுடைய கல், கல்யாணத்திலிருந்து முப்பத்தொன்று.

மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தார். இருபத்தேழு வருடம், அவர் பக்கம்தான் பாக்கி.