ஒரு பிடி பருப்பு

குழித்துறைக்கு மேற்கே இருந்த அண்டியாபீஸ் என்ற முந்திரி ஆலையில், முந்திரிப் பருப்பின் தோலை உரிக்கும் கொட்டகைக்குள் ஆசாரிகள் நுழைந்தார்கள். உரிக்கும் பெண்களுக்கு நடுவே நடுவே பலகை மறைப்பு எழுப்பினார்கள். உரித்த பருப்பை முறம் முறமாகத் தராசுக்குச் சுமக்கும் எலிசா, ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் மறைப்பு எவ்வளவு உயருகிறது என்று பார்த்தாள்.

புதிய மானேஜர் கோபப்படுகிறவர் அல்ல. வந்த வாரமே எல்லோருக்கும் சாயா கொடுத்து, "குறை உண்டெண்ணா மனசு தொறந்து சொல்லுங்கோ" என்றார். புகை போக ஜன்னல் வேண்டுமென்றாள் ராகேல். ஜன்னல் வந்தது. ராகேலைத்தான் மறுவாரம் காணவில்லை.

மறைப்புக்கு முந்தின நாள் அவர் கண்ணில் பட்டது வேறொன்று. எல்லா முறமும் ஏறக்குறைய ஒரே எடை.

"இத்தனை பேருக்கும் ஒரே கையா, எலிசா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் அடுத்த முறத்தைத் தராசில் வைத்தாள்.

"இனி அவரவர் வேலை அவரவருக்கு. எடை குறையுதவ வீட்டுல இருக்கட்டும்" என்றார் அவர்.

குறைந்த முறத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி போட்டுவிடுவது அங்கே பழக்கம். காய்ச்சல்காரிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அப்படித்தான் வேலை நிலைத்தது. இப்போது அந்தப் பிடியில் பிழைத்தவள் வியாகுலம்மாள். நிறைமாசம். முன்பு அண்டிக்கொட்டை உடைத்தபோது அதன் தோட்டெண்ணெய் பட்டு வெந்த விரல்கள் இன்னும் ஆறவில்லை.

மறைப்பு எழுந்த மறுநாள் சாயங்காலம் அவள் தன் முறத்தை நீட்டினாள்.

"ஏட்டி எலிசா, பாதிதான் ஆச்சு. நாளைக்கு நான் வரண்டாம், இல்லியா?"

"சும்மா இரு மக்கா. கர்த்தருக்குப் பலகை மறைப்பு உண்டா?"

அடுத்த மறைப்பிலிருந்து அன்னக்கிளி முணுமுணுத்தாள்: "அவருக்கு இல்ல. மானேஜருக்க கண்ணுக்கும் இல்ல."

எலிசா முறத்தோடு பலகைகளை ஒட்டி மெல்ல நடந்தாள். மறைப்புக்கு மேலாக ஒரு கை நீண்டு ஒரு பிடி போட்டது. அடுத்ததிலிருந்து இன்னொரு கை. முகம் எதுவும் தெரியவில்லை. ஜெபம் சொல்வதுபோல் அவள் உதடு அசைந்தது.

தராசு முள் நேராக நின்றது. தராசருகே நின்ற மானேஜர் முள்ளைப் பார்க்கவில்லை, எலிசாவைத்தான் பார்த்தார்.

"நல்ல மனசு ஒனக்கு" என்றார் மெதுவாக. "நாளைக்கு வியாகுலம்மாள் வரட்டும். நீ வரண்டாம்."

பிறகு ஆசாரிகளைக் கூப்பிட்டு, மறைப்பைக் கூரைவரை உயர்த்தச் சொன்னார்.

எலிசா முறத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். பலகை ஏற்றிக்கொண்டிருந்த மூத்த ஆசாரி கணபதியப்பன், பலகைகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடம் மிச்சமிருக்கும்போதே சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பலகை தீந்துபோச்சு" என்றார்.

அவர் காலடியில் இரண்டு பலகைகள் கிடந்தன. மானேஜர் சிரிப்பு மாறாமல் ஆசாரியின் பக்கம் திரும்பினார்.