கிணற்றில் தொங்கிய ஜாடி

2017 மே 23, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, லித்துவேனியாவின் வடக்கே பிர்ஷாய் மாவட்டத்தில், பெர்ஷினே கிராமத்தின் கடைசி வீட்டுக் கிணற்றில் முந்நூறு கிராம் குளோரின் பொடி கரைத்து ஊற்றப்பட்டது.

ஊற்றியவன் லியோனாஸ், அந்த வீட்டு மாப்பிள்ளை. அவன் மனைவி எல்வீரா அப்போது நகரத்து அச்சகத்தில் இருந்தாள். பால் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் பார்த்த வேலையைப் பிப்ரவரியில் விட்டுவிட்டு, செத்துப்போன அப்பாவின் மாட்டுக்கொட்டகையில் சின்னதாக ஒரு பியர் ஆலை போட்டிருந்தாள். இரண்டு எஃகுத் தொட்டி, ஒரு மரத்தொட்டி, பன்னிரண்டு பீப்பாய். உரிமம் கிடைக்கத் தண்ணீர்ச் சோதனை ஒன்றுதான் பாக்கி. முதல் சோதனையில் கிணற்று நீரில் கிருமி இருப்பதாக வந்திருந்தது. குளோரின் போட்டு இறைத்துவிட்டால் வியாழக்கிழமை மறுபடி மாதிரி எடுப்பதாகச் சுகாதாரத் துறைக்காரர் சொல்லிப் போயிருந்தார். புதன்கிழமை சேர்ந்தே செய்வோம் என்று எல்வீரா கணவனிடம் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று அவன் ஒருநாள் முந்திக்கொண்டான்.

மதியம் அவள் வண்டியை விட்டு இறங்கியதுமே நீச்சல்குளத்து வாடை மூக்கில் ஏறியது.

"என்ன பண்ணின?"

"உன் வேலையத்தான். மூணு வாளித் தண்ணில கரைச்சு, சுவரெல்லாம் கழுவி ஊத்தினேன். ஒரு சந்து விடல."

லேபிள் கட்டு அவள் கையிலிருந்து நழுவியது. அவள் கிணற்றடிக்கு ஓடி, விளிம்புக்கல்லின் உள்பக்கம் கைவிட்டுத் துழாவி, ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நாலு ஆள் ஆழத்திலிருந்து ஒரு மண் ஜாடி ஆடி ஆடி மேலே வந்தது. வாயில் துணி கட்டியிருந்தது. துணி வெளுத்துப் பஞ்சாகப் போயிருந்தது.

"இது என்ன?" என்றான் லியோனாஸ்.

அவனுக்குத் தெரிய நியாயமில்லை. அவன் மேற்கே கடற்கரைப் பக்கத்துக்காரன். பெர்ஷினேயில் பியர் நொதிக்க ஒரு வீடு வைத்திருக்கும் ஈஸ்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் சொல்வார்கள். மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் எல்வீரா அந்தக் கயிற்றை அவன் எதிரில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"நம்ம ஈஸ்ட்" என்றாள்.

"கிணத்துக்குள்ளயா? கயிறு கண்ணுல பட்டுச்சு எல்வி. ஏதோ பழைய கயிறுன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் ஜாடியை உள்ளே எடுத்துப் போனாள். சமையலறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கரைத்து, ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விட்டாள். உயிருள்ள ஈஸ்ட் என்றால் கால் மணி நேரத்தில் நுரை கட்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். முக்கால் மணி ஆயிற்று. சாம்பல் நிறத்தில் அடியில் படிந்ததோடு சரி. ஜாடியின் அடி வண்டலை எடுத்துப் பார்த்தாள். துணியைப் பிழிந்து பார்த்தாள். ஒன்றிலும் ஒரு குமிழி இல்லை.

அவள் நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். லியோனாஸ் ஏதோ பேசுவது தெரிந்தது, வார்த்தை விழவில்லை. ஆய்வுக்கூடத்தில் எந்த நுண்ணுயிர் வளர்ப்பையும் மூன்று குழாயில் பிரித்து வைக்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. இங்கே, ஒரே கூரையின் கீழ் இரண்டு ஜாடி வைத்தால் இரண்டும் செத்துவிடும் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, ஒரே ஒரு ஜாடி வைத்திருந்தாள். அந்தப் பேச்சை நம்பினாளா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் வைக்கவில்லை.

முற்றத்தில் அவிழ்ந்து கிடந்த லேபிள் ஒவ்வொன்றிலும் 'எங்கள் வீட்டு ஈஸ்ட், 1871 முதல்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் தலைநகர் வில்னியஸில் பியர் விடுதி வைத்திருக்கும் ருஃபீனாஸ் மாதம் இருபது பீப்பாய் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தான். ஜூன் 11, திரித்துவ ஞாயிறு, கோயில் திருவிழாவுக்கு அவனே வந்து முதல் பீப்பாயைத் திறப்பதாக ஏற்பாடு. அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் தொட்டியில் ஈஸ்ட் விழுந்தாக வேண்டும்.

ஊர் வழக்கப்படி வழி ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் ஈஸ்ட் கெட்டுப்போனால், முன்பு அங்கிருந்து யாருக்குக் கொடுத்தார்களோ அவரிடம் போய்க் கேட்கலாம். அவர் மறுக்கக் கூடாது. வாங்கியவர் கோட்டுக்குள் வைத்து வீடுவரை கொண்டுவர வேண்டும், வழியில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அப்பா ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் ஈஸ்ட் கொடுத்ததாகச் சொல்லியிருந்தார். அது ஸ்டெஃபானியா. சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில் ரொட்டிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இப்போது ஊர்க் கடையை நடத்துகிறாள்.

எல்வீரா காலி ஜாடியோடு போனபோது ஸ்டெஃபானியா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் துடைப்பது நின்றது.

"செத்துப்போச்சா?"

"ஆமா அத்தை."

"எப்படி?"

"லியோனாஸ் கிணத்துல குளோரின் ஊத்திட்டான்."

ஸ்டெஃபானியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எல்வீரா நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடற்கரைக்காரனுக்குப் பொண்ணு குடுக்காதடான்னு உங்கப்பன்கிட்ட அப்பவே சொன்னேன். மீனை வேணா கழுவுவானுங்க."

"அத்தை, அப்பா உங்களுக்குக் குடுத்தது இருக்குல்ல? அதுல கொஞ்சம் குடுங்க."

"கதவைச் சாத்திட்டு வா."

எல்வீரா சாத்தினாள். ஸ்டெஃபானியா குளிர்பெட்டியைத் திறந்து, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு சிறு கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட். நூறு கிராம்.

"இதான்."

"இது கடைச் சரக்கு அத்தை. நான் கேக்குறது எங்க வீட்டு ஈஸ்ட்டு."

"உங்க வீட்டு ஈஸ்ட்டு இதான்டி."

எல்வீரா அந்தக் கட்டியைப் பார்த்தாள். காகிதத்தில் காலாவதித் தேதி அடித்திருந்தது.

"எண்பத்தேழு ஜனவரி" என்றாள் ஸ்டெஃபானியா. "கிணறே உறைஞ்ச வருசம். ஜாடி விரிசல் விட்டு உங்கப்பன் ஈஸ்ட்டு போச்சு. இதோ உன்னை மாதிரியே ஜாடியத் தூக்கிட்டு என்கிட்ட வந்தான். எனக்குக் குடுத்து வச்சிருந்தான்ல. ஆனா என்னோடது அதுக்கு முந்தின வருசமே புளிச்சுப் போச்சு, வெக்கத்துல நான் யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். மறுநா ரொட்டிக்கூடத்துலருந்து ஒரு கட்டிய எடுத்தாந்து பாதிப் பாதி போட்டுக்கிட்டோம்."

"பொய் சொல்றீங்க."

"எதுக்குடி சொல்லணும்? இதுல எனக்கென்ன பெருமை?"

"நூத்தம்பது வருசம்னு அப்பா... பல்கலைக்கழகத்துலருந்து ஆராய்ச்சிக்கு வந்தவங்ககிட்டக்கூட அப்படித்தான் சொன்னாரு. கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னாரு."

"அழுதது நெசம். தொலைச்சவன் அழ மாட்டானா?"

எல்வீரா மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சாகும் தறுவாயில் அப்பா அவள் கையைப் பிடித்துக் கயிறு இருக்கும் இடத்தைச் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அவர் குரல் நடுங்கியது நோயினால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். குடித்த ஒவ்வொரு கோப்பையிலும் பழைய ருசி என்று ஊரே தலையாட்டியதும், அவளும் கூடச் சேர்ந்து ஆட்டியதும் ஞாபகம் வந்தது.

"ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

"அவனுக்கும் எனக்கும்தான். இப்ப உனக்கு." ஸ்டெஃபானியா கட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. முப்பது வருசம் இதைத்தான குடிச்சாங்க, யாரு செத்தா? லேபிள்ல நீ எதை வேணா எழுதிக்க. நான் வாய் திறக்க மாட்டேன்."

"காசு?"

"ஈஸ்ட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. போறப்ப யார்கிட்டயும் பேசாத."

எல்வீரா அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். தபால்காரி கையசைத்தாள். டிராக்டரில் வந்த மெச்சிஸ், "உன் வீட்டுக்காரன் கிணத்தைக் கழுவுறானாமே?" என்று கத்தினான். அவள் வாய் திறக்கவில்லை. டிராக்டர் நின்றது. அவன் தொப்பியைக் கழற்றினான். கோட்டை அணைத்தபடி வாய் திறக்காமல் ஒருத்தி நடந்தால் அதன் அர்த்தம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஸ்டெஃபானியாவிடம் பழைய ஈஸ்ட் பிழைத்திருந்தது கடவுள் கருணை என்றார்கள். எல்வீரா காபி கொடுத்தாள், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் போனபின் லியோனாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கன்னத்தைத் தேய்த்தான்.

"அப்போ நான் கொன்னது..."

"ரொட்டி ஈஸ்ட்டு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"இவ்ளோ நேரம் நான் செத்துச் செத்துப் பொழச்சேன் எல்வி." பிறகு குரலைத் தணித்து, "வெளிய சொல்லாத. யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வில்னியஸ்காரன் நாக்கா கண்டுபிடிக்கப் போகுது?"

"நாக்கு கண்டுபிடிக்காது. ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும். நானே கண்டுபிடிச்சிருப்பேன். பத்தொன்பது வருசம் அதானே என் வேலை. நம்ம ஜாடிய மட்டும் ஒரு நாளும் நுண்ணோக்கில வச்சுப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

அவள் எழுந்து காபிக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

புதன்கிழமை காலை ருஃபீனாஸைத் தொலைபேசியில் அழைத்து, பழைய ஈஸ்ட் எண்பத்தேழிலேயே செத்துப்போனதையும் அதன்பின் இருந்தது ரொட்டி ஈஸ்ட் என்பதையும் சொன்னாள். ஸ்டெஃபானியாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்று அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, அடி வாங்கியவன் போலக் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவன், மாலையில் ஆர்டரை ரத்துசெய்து நாலு வரி எழுதியிருந்தான்.

வியாழக்கிழமை எடுத்த தண்ணீர் மாதிரி தேறியது. வெள்ளிக்கிழமை எல்வீரா ஈஸ்டைத் தொட்டியில் விட்டாள். திருவிழாவில் பியர் பந்தல் பலகையில், பார்லி, ஹாப்ஸ் பூ, கிணற்றுத் தண்ணீர், கடை ரொட்டி ஈஸ்ட் என்று எழுதி வைத்தாள். மெச்சிஸ் அதை இரண்டு முறை படித்துவிட்டு, குடிக்காமல் போனான். பன்னிரண்டு பீப்பாயில் ஏழு விற்றது. அந்த ஆண்டு முடியும்வரை பெர்ஷினே ஆலை வாரத்துக்கு மூன்று பீப்பாய் வீதம், பிர்ஷாய் மாவட்டத்துக்குள் மட்டும் விற்றது.