வெட்டிய நாற்பது நொடி

செஞ்சிறகன் மூன்றாம் பாகத்தின் முதல் காட்சி காலை பத்தேகாலுக்கு முடிந்தது. பத்து இருபதுக்கெல்லாம், மைக்கு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் தியேட்டர் வாசலில் நின்று, வெளியே வந்தவர்கள் வாயருகே மைக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவன் வேலை பார்க்கும் இணையச் சேனலில் யாருக்கும் அது தெரியாது. பத்தே முக்காலுக்கு அவன் அனுப்பிய பதிவுகள் எடிட்டரின் கணினிக்கு வந்து சேர்ந்தன. பதினொன்றேகாலுக்குள் வீடியோ ஏறியாக வேண்டும். உலகத்தில் மழை காத்திருக்கும், கல்யாணம் காத்திருக்கும். ரசிகர் கருத்து மட்டும் காத்திருக்காது.

எடிட்டர் என்றால் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் முதலாளி. எப்போது பார்த்தாலும் "வியூஸ் எவ்வளவு, வியூஸ் எவ்வளவு" என்று கேட்பதால் அவருக்கு வியூஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்னொன்றில் ஒரு மேசை, ஒரு கணினி, ஆடும் நாற்காலி, அதில் இவள். கல்யாணமாகி நாலு வருஷம், வேலைக்கு வந்து மூன்று வருஷம்.

அவள் மேசைக்கு எதிரே சுவரில் வியூஸ் ஒரு தாளை ஒட்டியிருந்தார். "முடிவு வெளியே போகக் கூடாது." போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் வாசலில் நின்று ஒரு படத்தின் கொலைகாரன் யார் என்று சொல்லித் தொலைக்க, அது அப்படியே வீடியோவில் போய்விட்டது. ரசிகர்கள் ஒரு வாரம் சேனலைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேசுகிறவர் "கடைசில" என்றாலோ, "கிளைமாக்ஸ்ல" என்றாலோ, அந்த இடத்திலிருந்து பேச்சு முடியும் வரை மொத்தமாக வெட்டிவிடுவாள். என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று கேட்பதில்லை. காது அந்தச் சொல்லுக்காக மட்டும் காத்திருக்கும், கை தானாக வெட்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று நாற்பது பேர் பேசியிருந்தார்கள். சட்டைக்கு மேல் சிவப்புத் துணிச் சிறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவன், "பன்னெண்டு வருசம் சார்! மூணு பாகம்! இதுக்கா சார் காத்திருந்தோம்?" என்று மைக்கையே அடிக்கப் போனான். இரண்டு தோழிகள் ஒருத்தியைப் பேசவிடாமல் ஒருத்தி பேசினார்கள்; ஒருத்திக்குப் படம் உயிர், இன்னொருத்திக்கு அறுவை. ஒரு கணக்காளர், அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்ததால் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டே, "இத மாதிரி ஒரு படம் இனிமே வராது" என்றார். முடிவைப் பற்றி வாயைத் திறக்காதவர் ஒருவரும் இல்லை. ஆகவே படத்தைப் பார்க்காமலே அவளுக்கு முடிவு அத்துபடி. உலகத்தைக் காப்பாற்றிய செஞ்சிறகன் சாகவில்லை. தன் சிறகைத் தானே வெட்டிப் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறான். பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. மீதிப் பேர் கொலைவெறியில் இருந்தார்கள்.

இருபத்தேழாவது ஆள்தான் அவர். ஐம்பது வயது இருக்கும். ஆஜானுபாகு, நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. மைக்கு, "எப்படி சார் படம்?" என்றதும் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கி, மூக்கு ஒழுக, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். "இனிமே எனக்கு யாருங்க இருக்கா?" என்றார். பிறகு "கடைசில" என்று ஆரம்பித்தார்.

அங்கே வெட்டினாள். மிச்சம் பதின்மூன்று நொடி. நன்றாக இருக்கிறதே என்று அதைத் தூக்கி வீடியோவின் முதல் துண்டாக வைத்தாள்.

பதினொன்று பத்துக்கு வீடியோ ஏறியது. பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பதின்மூன்று நொடியை மட்டும் யாரோ கிள்ளி எடுத்துவிட்டார்கள். அழுகாச்சி மாமா என்று பெயரும் வைத்தாயிற்று. அவர் தோளில் சிவப்புச் சிறகு ஒட்டினார்கள், அழுகைக்குத் தாளம் போட்டார்கள். "நான் இருக்கேன் மாமா, அழாதீங்க மாமா" என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். "இவரு பொண்டாட்டி போனாக்கூட இப்படி அழுதிருக்க மாட்டாரு" என்று ஒருவன் எழுதியதற்கு ஒன்பதாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், மருந்துக்கடை வேலையிலிருந்து வந்திருந்த கணவன் துண்டால் மூக்கைச் சிந்தியபடி வாசலிலேயே நின்றான்.

"இனிமே எனக்கு யாருடி இருக்கா?" என்று தோளைக் குலுக்கினான்.

"ஐயோ, அது நாங்க போட்டதுதான்!"

"நீயா வெட்டினது? சொல்லவே இல்ல! நாலு குரூப்புல போட்டிருக்கேன், கடையில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

அவளும் சிரித்தாள். சும்மா சொல்லக் கூடாது, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

நாலு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. விளம்பரத்துக்கென்று வீடியோவின் கீழே கொடுத்திருக்கும் எண்.

"அந்தப் பட வீடியோ போட்ட ஆபீஸுங்களா?" ஒரு பெண் குரல்.

"ஆமாங்க, விளம்பரமா?"

"இல்லீங்க. அதுல அழுவுறது எங்க வீட்டுக்காரருங்க."

இப்படி அழைப்பவர்கள் உண்டு. என் முகம் சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தரம் எடுங்கள் என்பார்கள். அவள் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். அந்தக் குரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அவரு பஸ் டிரைவருங்க. காலையில லீவு சொல்லிட்டுப் படத்துக்குப் போனாரு, மதியத்துலேர்ந்து டூட்டி. ஏறுறவங்க எல்லாம் அவர் பக்கத்துல வந்து அழுது காட்டிட்டு இறங்குறாங்களாம். இப்பதான் டிப்போவுலேர்ந்து போன் பண்ணினாரு. பேச முடியல அவரால. அவரு தம்பி செத்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலீங்க. அத உங்க மைக்குல சொன்னேங்கிறாரே. அத மட்டும் ஏங்க போடல?"

எடிட்டர் "பாக்குறேங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். காதில் ஹெட்போனை மாட்டி, வெட்டிப் போட்ட துண்டை எடுத்தாள். நாற்பது நொடி. இந்த முறை கேட்டாள்.

"கடைசில சிறகை வெட்டிப் போட்டுட்டு பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிடுவாண்ணே, வேணும்னா பாருன்னு என் தம்பி ரெண்டாவது பாகம் முடிஞ்சப்பவே சொன்னான்ங்க. எல்லாரும் செத்துடுவான்னாங்க. இவன் மட்டும் பஸ்ஸுன்னான். நான் பஸ் டிரைவருங்க. உன் பஸ்ஸாத்தான் இருக்கும்ணேன்னு கிண்டல் பண்ணினான். இன்னைக்குப் படத்துல அதே மாதிரி பஸ்ல ஏறுறான்ங்க! ஜன்னலோரமா உக்காந்தான். நான் பக்கத்துல திரும்பி, டேய், சொன்ன மாதிரியேடான்னு... பக்கத்துல யாரோ. போன மாசம் போயிட்டான்ங்க. கிட்னி. முப்பத்தெட்டு வயசு."

இதைக் காலையிலும் ஓடவிட்டுத்தானே வெட்டினோம், ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லையே என்று இன்னொரு தரம் ஓடவிட்டாள். மைக்கும் எதிரில் நின்றுதான் கேட்டிருக்கிறான். அவனை அழைத்துக் கேட்டால், "அப்படியா சொன்னாரு? நான் அடுத்த ஆளப் பாத்துட்டு இருந்தேன்க்கா" என்றான்.

வியூஸின் அறைக்கு ஓடினாள். "சார், அந்த வீடியோவ எடுத்துடுங்க."

"மூணரை லட்சம் தாண்டிடுச்சும்மா. பொறந்ததுலேர்ந்து நம்ம சேனல் இதப் பாத்ததில்ல."

அவள் நாற்பது நொடியைப் போட்டுக் காட்டினாள். வியூஸ் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசே இல்லாமல் வீடியோவை அழித்தார். "ஆனா இத அழிச்சு என்னம்மா ஆகப்போகுது?" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதின்மூன்று நொடி அதற்குள் எத்தனையோ பக்கங்களில் குடித்தனம் வந்துவிட்டது. எடிட்டர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதினாள். அவர் தம்பி இறந்துவிட்டார், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவன் அழுகாச்சி மாமாவின் படத்தையே பதிலாக அனுப்பினான். கணவனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது. நாலு குரூப்பிலும் அழித்தான். அங்கிருந்து எத்தனை குரூப்புக்குப் போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை அவளுக்கு அந்த யோசனை வந்தது. முழுசாகப் போட்டால் என்ன? அவர் ஏன் அழுதார் என்று தெரிந்தால் எவன் சிரிப்பான்? கல்லும் கரையுமே! வியூஸிடம் கேட்டாள், சரி என்றார். அவருக்கு அதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அவரிடம் கேட்டவள் அந்த டிரைவரிடம் கேட்கவில்லை. அவர் மனைவி அழைத்த எண் கையிலேயே இருந்தது. அழைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். நல்லதுதானே செய்கிறோம், பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "இவர் ஏன் அழுதார் தெரியுமா?" என்று தலைப்புக் கொடுத்து, ஒரு நொடிகூட வெட்டாமல் ஏற்றினாள்.

முதல் ஐந்து நிமிஷம் அவள் நினைத்த மாதிரியேதான் இருந்தது. மன்னிச்சிடுங்க சார் என்று ஒருவர். என் அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு என்று ஒருவர். அவளுக்குக் கண் கலங்கியது. ஆறாவது நிமிஷம் ஒருவன் எழுதினான்.

"டேய், முடிவ சொல்லிட்டான்டா!"

எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தாள் அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவுதான், அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிவிட்டது. நாளைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், நாசமாப் போச்சு. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இந்த அழுமூஞ்சி வாயால் கேட்கவா? தம்பி செத்தால் வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டியதுதானே, எங்கள் படத்தை ஏன் கெடுக்கிறார்? நேற்று வரை "மாமா" என்றவர்களெல்லாம் இன்று "அவன்" என்றார்கள். முடிவு பிடிக்காமல் கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கோ கொண்டாட்டம். "சிறகை வெட்டிப் போட்டுட்டு பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிடுவான்" என்பதை மட்டும் கிள்ளி எடுத்து, படம் பார்க்காதவர்களின் பக்கங்களில் எல்லாம் தேடித் தேடிப் போட்டார்கள். அவள் முடிவை மறைக்கப் போய்த் தம்பியையும் சேர்த்து வெட்டியிருந்தாள். இவர்கள் முடிவை வைத்துக்கொண்டு தம்பியை வெட்டினார்கள். இரண்டு தடவையும் போனவன் அந்த முப்பத்தெட்டு வயசுக்காரன்தான்.

அரை மணி நேரத்தில் அழித்தாள். அதற்குள் யாரோ அவர் ஓட்டும் பஸ்ஸின் தட எண்ணைப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "நீ வேணும்னேவா பண்ணினே?" என்றான் கணவன். வேணுமென்றே செய்திருந்தால்கூட நாலு திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவள் செய்தது எல்லாம் வேலை. அதைச் சரிப்படுத்த அவள் கற்றுவைத்திருந்ததும் அதே வேலை ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை அந்தத் தட எண் பஸ் புறப்படும் நிலையத்துக்குப் போனாள். அவர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே பார்த்தபடி இருந்தார். நேரில் இன்னும் பெரிய ஆளாகத் தெரிந்தார். முன்வாசல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்கி, அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சார், அந்த வீடியோ... நான்தான் சார் அத வெட்டினது."

அவர் திரும்பவில்லை. கியரை மாற்றினார். ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டார்.

"பேசுனத வெட்டினதும் நீங்கதானா?"

"ஆமா சார்."

"சனிக்கிழமை மறுபடி போட்டது?"

"அதுவும் நான்தான் சார். உங்க தம்பி விஷயம் தெரிஞ்சா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு... நல்லதுக்குத்தான் சார் பண்ணேன்."

"தெரியும்மா." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பிழைத்துப்போனது மாதிரி இருந்திருக்கும். "அவனப் பத்தி வீட்லகூட நான் பேசினதில்ல. அழுகையும் வரல. படம் முடிஞ்சு வெளிய வந்தேன், மைக் புடிச்சிருந்த பையன் எப்படி சார் படம்னு கேட்டான், சொல்லிட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துது."

"நான் இப்ப என்ன சார் பண்ணட்டும்? எல்லா பக்கத்துக்கும் எழுதறேன். போலீஸ்ல வேணும்னாலும்..."

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. கெட்டது பண்றவங்ககூடப் பரவால்ல, நாலு நாள்ல ஓஞ்சுடுவாங்க. நீங்க இனிமே எனக்கு நல்லது மட்டும் பண்ணாதீங்க."

அடுத்த நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் ஏறினார்கள். கல்லூரிப் பையோடு ஒருத்தியும் இரண்டு பையன்களும் அவரைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். அந்தப் பெண், "அடுத்து எந்தப் படத்தோட முடிவு, அங்கிள்?" என்றாள். இன்னொருவன் ஏற்கெனவே கைப்பேசியை உயர்த்திவிட்டான்.

எடிட்டர் யோசிக்கவே இல்லை. ஓரடி எடுத்து வைத்து, அவருக்கும் அந்தக் கைப்பேசிக்கும் நடுவில் போய் நின்றாள். துப்பட்டாவை அகலமாக விரித்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆனாலும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக, உருப்படியாக ஒன்று செய்கிறோம் என்று இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றார் டிரைவர். "கண்ணாடிய மறைக்கிறீங்க. பின்னாடி ஆளுங்க ஏறிட்டாங்களான்னு எனக்குத் தெரியல."

அவள் தள்ளி நின்றாள்.