லேபிள்காரர் கேட்ட கேள்வி

அந்தப் பகுதியில் விலைவாசியை ஏற்றியது யார் என்று யாராவது விசாரித்திருந்தால், நேராகக் கைகாட்டிவிடக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். சூப்பர் மார்க்கெட்டில் விலை லேபிள் மாற்றுகிறவர். காலை ஆறு மணிக்கு ஷட்டர் பாதி தூக்கியிருக்கும்போதே குனிந்து உள்ளே நுழைவார். இடுப்பு பெல்ட்டில் தொங்கும் சின்ன மெஷினைத் தட்டினால் அது கிர்ரென்று ஒரு லேபிளைத் துப்பும். அலமாரி விளிம்பில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையிலிருந்து பழைய லேபிளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதியதைச் செருகிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது எண்ணெயும் சர்க்கரையும் சோப்பும் நேற்றைவிட விலை கூடிப்போய், ஒன்றுமே நடக்காததுபோல் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு நாற்பது லேபிள் மாற்றினால் அதிகம். முடித்துவிட்டுச் சாவகாசமாக டீ குடிப்பார். இப்போது முந்நூறு, முந்நூற்றைம்பது. அதிலும் கீழ்த்தட்டுச் சாமான்கள் விலை ஏறும் நாளில் அவருடைய முட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முனகும். சில நாள் வேலை முடியாமல் கடை திறந்த பிறகும் லேபிள் செருகிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர்கள் வந்து பின்னால் நின்று பார்ப்பார்கள். ஏறிய காசெல்லாம் சாயங்காலம் இவர் பைக்குள்தான் போகப்போகிறது என்பதுபோல் ஒரு பார்வை. "நல்லா இருங்க" என்று ஒரு பெரியவர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அது வாழ்த்து இல்லை என்று அவருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

மறுநாள் எதெது ஏறப்போகிறது என்ற பட்டியல் முந்தின நாள் மதியமே கம்ப்யூட்டரில் வந்துவிடும். கடை திறக்கும்வரை அதை வெளியே மூச்சு விடக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவர் மூச்சு விட்டதில்லை. ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்த மைத்துனர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எத்தனையோ தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்தார். லேபிள்காரர் சிரித்து மழுப்பிவிடுவார்.

அவர் மனைவி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த அம்மாள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர். எந்த நோயாளி உண்மையிலேயே அவசரத்தில் வந்திருக்கிறார், எவர் வரிசையைத் தாண்டப் பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இருபது வருடமாக அதே வேலை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது லேபிள்காரர், "வீட்டுல எண்ணெய் இருக்கா?" என்று கேட்டார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் வீட்டில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவி ஒரு விநாடி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார். அவர் சாப்பிட்டு முடித்துச் செய்தி பார்க்கப் போனதும், செருப்பை மாட்டிக்கொண்டு போய் இரண்டு டின் எண்ணெய் வாங்கிவந்தார். மறுநாள் எண்ணெய் விலை ஏறியது.

அடுத்த வாரம் சோப்புத்தூள் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் சர்க்கரை. சத்தியமாக அவருக்கு அதில் ஒரு உள்நோக்கமும் இல்லை. பகலெல்லாம் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் தானாகவே ஒரு கேள்வியாக வாயிலிருந்து விழுந்தது. கேள்விதானே, செய்தி ஒன்றும் இல்லையே என்று அதை அவர் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவதை மைத்துனர் பார்த்தார். லிஃப்டில் வேலை செய்கிறவருக்கு ஏறுவது இறங்குவதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா? அக்கா வாங்கினால் அடுத்த நாள் விலை ஏறுகிறது என்பது மூன்றாவது தடவையில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் தன் மனைவியிடம் சொன்னார். அந்தப் பெண் எதிர்வீட்டில் மட்டும்தான் சொன்னாள். அதன்பிறகு நாலு மாடி, முப்பத்திரண்டு வீடு, எல்லோர் கண்ணும் லேபிள்காரர் மனைவியின் கைப்பை மேல்தான். லேபிள்காரர் ஒருவருக்குத்தான் இது தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் கடையின் ஆண்டுவிழாக் கூப்பன் வந்தது. உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் தபாலில் ஒரு பளபளப்பான தாள். பால் பவுடருக்கும் சோப்புத்தூளுக்கும் கால்வாசித் தள்ளுபடி, வருகிற சனிக்கிழமை ஒருநாள் மட்டும். லேபிள்காரர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தை இல்லாத வீடுகளில் சும்மா கிடந்த கூப்பன்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிட்டார். மொத்தம் பதினொன்று. தன் பங்குக்கு வேண்டியது போக, மருத்துவமனையில் கூட வேலை பார்க்கும் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை மதியம் பட்டியல் வந்தது. பால் பவுடர் டின் முந்நூறிலிருந்து நானூறு. சோப்புத்தூளும் அதே ரீதியில்.

லேபிள்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நானூறில் கால்வாசி நூறு. நூறு கழித்தால் முந்நூறு. வியாழக்கிழமை காலையில் இவரே தன் கையால் நூறை ஏற்றுவார், சனிக்கிழமை மனைவி பதினொரு கூப்பனைக் கொடுத்து அதே நூறை இறக்கிக்கொண்டு, லாபம் என்று வீட்டுக்கு வருவாள். கடையில் தினமும் முகம் தெரியாதவர்களுக்கு நடப்பதுதான். ஆனால் அவள் அந்தக் கூப்பன்களை விளிம்பு மடங்காமல் ஒரு டைரிக்குள் வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார்.

எதுவும் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கை கழுவினார். உட்கார்ந்தார். வானிலை பற்றிப் பேசினார். பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டியிருப்பதைப் பற்றிப் பேசினார். மனைவி உம் கொட்டிக்கொண்டே பரிமாறினார். தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தபோது அது வந்துவிட்டது.

"வீட்டுல பால் பவுடர் இருக்கா?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை வாங்கலாம்னு இருந்தேங்க" என்றார் மெதுவாக.

"சரி சரி. சும்மா கேட்டேன்."

அன்று சாயங்காலம் ஏழே காலுக்கு அவர் மனைவி படியிறங்கினார். ஏழரைக்கு மைத்துனர் தன் மனைவியோடு கிளம்பினார். எட்டு மணிக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நிற்காமல் ஏறி இறங்கியது. எட்டரைக்குக் கடையில் பால் பவுடர் தட்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. எல்லோரும் கூப்பன் இல்லாமல், முழு விலை முந்நூறு கொடுத்து வாங்கிப்போனார்கள். சோப்புத்தூளைப் பற்றி லேபிள்காரர் கேட்காததால் அதை ஒருவரும் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை, காலித் தட்டுக்கு முன்னால் நானூறு என்ற லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திகைத்து நின்றார். என்ன நடந்தது என்று புரியவில்லை. செருகிவிட்டு நகர்ந்தார்.

ஒரே சாயங்காலத்தில் இவ்வளவு டின் விற்றதைத் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் பார்த்தது. இந்தப் பகுதியில் பால் பவுடருக்கு அடிதடி என்று முடிவுகட்டி, இரண்டு லாரி நிறைய அனுப்பிவைத்தது. டின்கள் பின்னறையில் கூரை வரை ஏறின. ஊழியர்கள் டீ குடிக்கும் மூலையும் போயிற்று. சனிக்கிழமை வந்தது. கட்டடத்துக்காரர்கள் ஏற்கெனவே வாங்கிவைத்துவிட்டார்கள், மற்றவர்கள் நானூறைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்; பால் பவுடர் பக்கம் ஈ காக்கை இல்லை. சோப்புத்தூள் கூப்பன்தான் கொஞ்சம் ஓடியது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

மேனேஜர் லேபிள்காரரைவிடப் பத்து வயது இளையவர். மேலிடத்துக்கும் ஊழியர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முப்பத்தெட்டு வயதிலேயே பாதி முடி கொட்டியவர். மேஜையில் பில் நகல்களை அடுக்கி வைத்திருந்தார். புதன்கிழமை சாயங்காலத்தில் இருபத்தொன்பது பில். அட்டை எண்ணை வைத்து முகவரி எடுத்திருந்தார்கள். இருபத்தொன்பதும் ஒரே கட்டடம்.

"அண்ணே, இது உங்க கட்டடந்தானே?"

"ஆமா சார்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

லேபிள்காரர் மேஜைப் பக்கம் குனிந்தார். பதினாறு வருட வேலை. பில்களைப் பார்த்தார். மேலே இருந்தது அவர் மனைவியின் அட்டை எண். நேரம் ஏழு முப்பத்தொன்று. அடுத்தது மைத்துனர். அதற்கடுத்தது எதிர்வீடு. யாரோ விளக்கைப் போட்டதுபோல் எல்லாம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எண்ணெய், சர்க்கரை, சோப்புத்தூள், ஒவ்வொரு சாயங்காலமும், ஒவ்வொரு கேள்வியும்.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை சார்" என்றார். பிறகு, பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், "வீட்டுல பால் பவுடர் இருக்கான்னு கேட்டேன்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். வேணும்னு கேக்கலை. ஆனா அது சொன்ன மாதிரிதான் ஆயிருக்கு. இப்பதான் தெரியுது."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கோபப்படுவதற்கு வாயைத் திறந்தவர்போல் இருந்தார். ஆனால் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அடங்கிய பிறகு சொன்னார், மனைவியிடம் வீட்டில் சாமான் இருக்கிறதா என்று கேட்டார் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கினேன் என்று எழுதினால், மேலிடத்தில் தன்னைத்தான் முதலில் டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று. எதிர்பாராத தேவை என்று எழுதி அனுப்பிவிடுகிறேன், இனிமேல் கவனமாக இருங்கள் என்றார். குரலில் கண்டிப்பு இருந்தது. லேபிள்காரர் கதவு வரை போனபோது, கூப்பனும் விலையேற்றமும் ஒரே வாரத்தில் வந்தது தனக்கும் பிடிக்கவில்லை என்று, பில்களை அடுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி முகம் வெளுத்துவிட்டது. வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லாமலே அந்த அம்மாளுக்குத் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட ஒருநாளாவது விலை கேட்டிருக்கேனா?"

"இல்லை."

"நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"இல்லை. ஆனா சொல்லியிருக்கேன்னு இன்னைக்குத் தெரிஞ்சுது. உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அப்புறம் கேக்கமாட்டீங்களே."

அவர் கோபப்பட முயன்று பார்த்தார். வரவில்லை. மனைவி அன்றே கீழ்த்தளத்துக்குப் போய்த் தம்பியை ஒரு பிடி பிடித்தார். தன் பையைப் பார்த்து யாரும் கடைக்கு ஓடக் கூடாது, இவர் வேலைக்கு ஆபத்து என்று வீடு வீடாகச் சொன்னார். கட்டடமே சங்கடப்பட்டது. நான்காவது மாடியில் ஒரு அம்மாள் வருத்தம் தெரிவித்து அரை டின் பால் பவுடரைக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகம் இறங்கிவந்தது. பின்னறையில் அடைந்துகிடந்த டின்களை எப்படியாவது தள்ளியாக வேண்டும். இந்தக் கடையில் மட்டும் பால் பவுடர் மறுபடியும் முந்நூறு என்று பட்டியலில் வந்தது. சனிக்கிழமை செலவாகாமல் மிஞ்சிய கூப்பன்களும் மாதக் கடைசி வரை செல்லும் என்று அறிவித்தார்கள். இப்போதுதான் அந்தத் தாளுக்கு உண்மையான மதிப்பு வந்தது. முந்நூறில் கால்வாசி போனால் இருநூற்று இருபத்தைந்து.

விலை குறைந்தால் மஞ்சள் லேபிள் போட வேண்டும். மஞ்சள் சுருளைத் தேடி எடுக்கவே அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. சுருளின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மெஷினில் மாட்டியபோது அது இரண்டு தடவை சிக்கியது. அன்றைக்கு அவர் வேலை முடிய நேரமாகிவிட்டதால், கடை திறந்த பிறகும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முதல் அரைமணிக்குள் ஒரு நர்ஸ் வந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்திருக்க வேண்டும், கண்கள் சிவந்திருந்தன. மஞ்சள் லேபிளைப் பார்த்தாள். குனிந்து மறுபடியும் பார்த்தாள்.

"அண்ணே, இது தப்பா ஒட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. குறைஞ்சிருக்கு."

அவள் ஒரு டின் எடுத்தாள். கைப்பையைத் துழாவி, நாலாக மடித்த கூப்பனை எடுத்து, அது செல்லுமா என்று கேட்டாள். மாதக் கடைசி வரை செல்லும் என்று அவர் சொன்னார். இன்னொரு டின்னும் எடுத்தாள். ஏதோ கணக்குப் போடுவதுபோல் உதடு அசைந்தது. மூன்றாவதையும் எடுத்துக் கூடையில் வைத்தபோது, அந்தக் களைத்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "நல்லா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கவுண்டருக்குப் போனாள்.

லேபிள்காரர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில், தான் செருகிய லேபிளைப் பார்த்து ஒருவர் சிரித்ததை அவர் இன்றுதான் பார்க்கிறார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார். மெஷினில் வெள்ளைச் சுருளை மாட்டினார். அடுத்தது சோப்பு. அது ஏறியிருந்தது.