ஈசிஜி அக்காவின் படபடப்பு

நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவர்களை அவள் முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்வாள். "படியேறி வந்தீங்களா? காப்பி குடிச்சீங்களா? வீட்ல சண்டையா?" என்று விசாரிப்பாள். பாதிப் பேருக்கு அதில் ஒன்றாவது இருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மார்பில் ஒயர்களை ஒட்டினால் கோடு ஒழுங்காக வரும். "இதயத்துக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் அத பயமுறுத்துறீங்க" என்று சிரித்து அனுப்பிவைப்பாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஈசிஜி அக்கா என்றே பெயர். ஊருக்குத்தான் உபதேசம், தனக்கில்லை.

கீழ்த்தளத்தில் மருந்துக் கவுண்டரில் இருந்தவருக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர் வைத்தவளே அவள்தான். சொன்ன நேரத்துக்கு வருவார், சொன்னதைச் செய்வார், போன் அடித்தால் இரண்டாவது மணியில் எடுப்பார். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொடுத்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவர். கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குத் தூக்கம் வரும், அதுவும் நல்ல தூக்கம். வேறொருத்தியாக இருந்தால் அதை வரம் என்று வைத்துக்கொண்டிருப்பாள். இவள் அதையே ஒரு குறையாக அண்ணியிடம் கொண்டுபோனாள்.

"அவரப் பாத்தா எனக்கு ஒண்ணுமே ஆகல அண்ணி."

"என்ன ஆகணும்? மயக்கம் போட்டு விழணுமா? உங்கண்ணனப் பாத்து எனக்கு என்ன ஆச்சுங்கற, கொட்டாவிதான் வந்துச்சு. குடித்தனம் நடக்கலையா?"

இந்தச் சமயம் பார்த்துத்தான் அவன் வந்தான். புது வேலையில் சேர்வதற்காக ட்ரெட்மில் பரிசோதனைக்கு வந்தவன். இவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஓடிக்கொண்டே கதை பேசினான். சிநேகிதர்கள் அவனைப் புயல் என்று கூப்பிடுவார்களாம், அதையும் அவனே சொல்லிக்கொண்டான். அந்த வாரமே அவன் பைக்கில் ஏறினாள். வளைவில் அவன் வண்டியைச் சாய்த்தபோது அவளுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. இதுதான், இத்தனை நாள் இல்லாமல் இருந்தது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பின்னால் ஏற்றியிருந்தால் அவருக்கும் நெஞ்சு அப்படித்தான் அடித்திருக்கும். ஆனால் அவர் அதைக் காதல் என்று சொல்லியிருக்க மாட்டார்.

கவுண்டருக்குப் போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள். மணிக்கூண்டு கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. நீங்க தப்பே பண்ண மாட்டீங்க."

அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, திட்டியிருந்தால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு வலித்திருக்காது. இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகிறாள் என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

பறக்கிறதும் பறந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் விடாமல் பேசுவான், பிறகு ஒரு வாரம் ஆளே இருக்காது. மேசையில் போன் அதிர்ந்தால் பாதி வேலையில் ஓடுவாள். எடுத்தால் யாரோ ஒரு பெண் கடன் வேண்டுமா மேடம் என்பாள். சோறு இறங்கவில்லை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். நோயாளி யாராவது இதைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் நாற்காலியில் உட்காரவைத்திருப்பாள். தனக்கு வந்தபோது, என் காதல் எவ்வளவு ஆழம் பார் என்று பெருமைப்பட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே புயல் வேறொருத்திக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்துச் சிரித்துக் கையும் அசைத்தான்.

அழுது ஓய்ந்து, பல மாதம் கழித்து மருந்துக் கவுண்டருக்குப் போய் நின்றாள்.

"என்ன வேணும்?" என்றார் அவர், மருந்து வாங்க வந்தவளிடம் கேட்பதுபோல.

"நீங்கதான் வேணும். நான் பண்ணினது தப்பு."

அவர் கவுண்டர் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

நாலு நாளாகியும் பதிலில்லை. இரண்டாவது மணியில் எடுக்கிற மனிதர், போனை அடித்து ஓயவிட்டார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவுண்டர் பக்கம் போனாலே நெஞ்சு தடதடவென்று அடித்தது. சந்தோஷம் தாங்காமல் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"இப்பத்தான் எனக்குப் புரியுது அண்ணி. அவர நெனச்சாலே படபடன்னு வருது. இந்தத் தடவ நிஜம்."

"அவர் சரின்னு சொன்னப்புறமும் வருமா?" என்று கேட்டாள் அண்ணி.

அவளுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கடைசி நோயாளி போனதும் மணிக்கூண்டு மாடியேறி அவள் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அது போகக் கொஞ்ச நாளாகும். ஆனா உன்ன விட முடியல. அம்மாகிட்டயும் பேசிட்டேன். சரி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

பத்து மணிக்கு வந்துவிடுவார். மழை கொட்டினாலும் வருவார். இந்த ஞாயிறு மட்டுமில்லை, இனி எல்லா ஞாயிறும் இருப்பார். அது மனதில் பட்டதும் நாலு நாளாக அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு சட்டென்று அடங்கிவிட்டது. கொஞ்சம் பொறு, வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நரிக்கு எட்டாத பழம் புளித்தது என்பார்கள், இவளுக்கு எட்டிய பழம்தான் புளித்தது. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சிரிக்கப் பார்த்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"இந்த மொகத்த நான் முன்னாடியே பாத்திருக்கேன்."

"இல்லங்க, அது வந்து..."

"நான் போன் எடுக்காத வரைக்கும் நல்லா இருந்துச்சு, இல்ல?"

அவர் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு வெளியே போனார்.

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார், அவளுக்கு நெஞ்சு மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கதவுவரை ஓடினாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பிவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். திரும்பி வந்து எதிரில் நின்றால் இந்தப் படபடப்பும் நின்றுபோகும். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காலடிச் சத்தம் குறையக் குறைய, அவளுக்கு அவர்மேல் ஆசை கூடிக்கொண்டே போனது.